சேர்க்கைப் பிரிவில் வேலைக்குப் போகும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளே,

சிங்கப்பூரின் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் உனக்கு வேலை கிடைத்திருப்பதாக நேற்று உன் அப்பா போன் செய்தார். நான் 22 ஆண்டு உட்கார்ந்த அதே மாதிரி முகப்பு. மனசு நிறைந்துவிட்டது, அம்மா.

ஜனவரியில் உனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கல்லூரியைச் சுற்றிக் காட்டும் ஓப்பன் ஹவுஸ், பின்னாலேயே உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வின் முடிவுகள், அன்றே கல்லூரிகளுக்கெல்லாம் ஒன்றாக விண்ணப்பிக்கும் கூட்டுச் சேர்க்கை. 12 படிப்புகளை வரிசைப்படுத்தப் பிள்ளைகளுக்குச் சில நாள்தான். “என் புள்ளிக்கு எது கிடைக்கும்?” என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். “திங்கட்கிழமை காலையில் அந்த வகுப்பில் என்ன செய்வார்கள், தெரியுமா?” என்று நீ கேள். தெரியாது என்றால் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் அழைத்துப்போய் விடு.

இப்படி நான் கேட்காமல் விட்ட ஒரு பையன் இருந்தான். அம்மாவோடு வந்தான். புள்ளி சரியாக இருந்தது, பொறியியலில் இடம் கிடைத்தது, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏப்ரலில் வகுப்பு தொடங்கியது. மே முடிவதற்குள் வருவதை நிறுத்திவிட்டான். இரவில் உணவகத்தில் வேலை, காலையில் எழ முடியவில்லை. அவன் ஏன் அந்தப் படிப்பை எடுத்தான் என்பது எனக்குத் தெரியும். கட்டணம் பாக்கி என்பது நிதிப் பிரிவுக்குத் தெரியும். வராத நாள்கள் விரிவுரையாளருக்குத் தெரியும். மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஒருவரும் இல்லை. சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கலாம்; யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. விலகல் படிவம் என் மேசைக்கு வந்தபோதுதான் அந்தப் பெயரை மறுபடி பார்த்தேன். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

பணத்தைப் பற்றிச் சேரும் நாளிலேயே பேசிவிடு. பிள்ளையின் அப்பாவுடைய மத்திய சேம நிதியிலிருந்து கட்டணம் கட்டினால், படிப்பு முடிந்து ஓராண்டில் அந்தப் பிள்ளை வட்டியோடு அந்தக் கணக்குக்கே திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும். அது அப்பாவின் ஓய்வுக்காலப் பணம். 17 வயதுப் பிள்ளைக்கு இதைப் புரியும்படி சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

பட்டயம் வாங்கிய பிறகும் அவர்களை விட்டுவிடாதே. ஆறு மாதம் கழித்து வேலையும் சம்பளமும் கேட்டுக் கருத்தாய்வு போகும். ஆனால் பையன்களில் பெரும்பாலோர் அப்போது ராணுவம் போன்றவற்றில் கட்டாயமாகச் செய்ய வேண்டிய தேசிய சேவையில் இருப்பார்கள். இரண்டு ஆண்டு கழித்து வெளியே வரும்போது கூடப் படித்த பெண்கள் வேலையில் ஊன்றியிருப்பார்கள். இவர்களுக்கோ ஆய்வகத்தில் கற்றது பாதி மறந்திருக்கும். அந்த நேரத்தில் கல்லூரியிலிருந்து ஓர் அழைப்பு வந்தால் எவ்வளவு தெம்பாக இருக்கும் என்று என்னிடமே சிலர் சொல்லியிருக்கிறார்கள்.

ஏப்ரல் கூட்டம் அடங்கியதும் நீ சேர்த்துவிட்ட பிள்ளைகளை கேண்டீனில் போய்ப் பார். மே கடைசி ஞாயிறு வீட்டுக்குச் சாப்பிட வா. யார் யாரைப் பார்த்தாய், யாரைக் காணவில்லை என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அத்தை