மும்பை – தூத்துக்குடி நேரடி விமானம் வேண்டி கோரிக்கை மனு

நாள்: 24.11.2025

அனுப்புநர்:
தாராவியில் வசிக்கும் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்ட மக்கள்,
மும்பை – 400 017.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
ஒன்றிய சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம்,
ராஜீவ் காந்தி பவன், புது டெல்லி – 110 003.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் குறையை முறையிடலாம் என்று அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு சொல்வதால் தமிழிலேயே எழுதுகிறோம். இந்தி மொழிபெயர்ப்பும் இணைத்திருக்கிறோம்.

மும்பையிலிருந்து தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளம் நேர்கோட்டில் ஏறத்தாழ 1,280 கி.மீ. மும்பை – டெல்லி தூரத்தைவிட 140 கி.மீ.தான் அதிகம். டெல்லிக்கு இரண்டு மணி நேரத்தில் போகிற விமானம், எங்கள் ஊருக்கு இன்னுமொரு கால் மணி நேரம் பறந்தால் போதும். ஆனால் டெல்லிக்கு நாள் முழுக்க விமானம் உண்டு. நாங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ இறங்கி மாறித்தான் போகிறோம். சென்னை வழியாகப் போனால் கூடுவது சுமார் 280 கி.மீ. அந்தச் சுற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். நாளைத் தின்பது காத்திருப்பு.

இந்த மனுவை எழுதும் எனக்கு நடந்ததையே சொல்கிறேன். சென்ற ஆண்டு ஒருநாள் விடிகாலை நான்கு மணிக்கு, ஏரல் பக்கத்து ஊரிலிருந்து தம்பி போன் செய்தான். அம்மா தவறிவிட்டாள். காலை விமானத்தைப் பிடித்தேன். அது தாமதமாகச் சென்னையில் இறங்குவதற்குள் தூத்துக்குடி விமானம் கிளம்பிவிட்டது, அடுத்ததில் இடமில்லை. அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு தம்பி திரும்பத் திரும்பக் கேட்டான்: "அண்ணே, எங்க இருக்க?" பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். "சரி, எடுங்க" என்று நானே சொன்னேன். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி மறுநாள் காலை போய்ச் சேர்ந்தபோது, வாசலில் பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசியாக முகம் பார்க்கக் கொடுத்துவைக்காதவர்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். ரயிலில் ஒன்றரை நாள் ஆகும் என்பதால், துக்கத்துக்கு அதை நினைப்பதே இல்லை.

அப்போது தூத்துக்குடி விமான நிலைய ஓடுபாதை 1,350 மீட்டர்தான். சிறிய ஏடிஆர் விமானங்கள்தான் இறங்க முடியும் என்றார்கள், ஏற்றுக்கொண்டோம். இப்போது ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டுவிட்டது. பிரதமர் 26.07.2025 அன்று திறந்துவைத்த புதிய முனையமும் இருக்கிறது. மும்பை நிலையத்தில் நெரிசல் என்றால், நவி மும்பையில் வரும் டிசம்பர் 25 முதல் விமானங்கள் பறக்கவிருக்கின்றன.

எந்தத் தடத்தில் பறப்பது என்பது விமான நிறுவனங்களின் முடிவு என்று பதில் வரலாம். அது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் அவர்களை அழைத்துப் பேச அமைச்சகத்தால் முடியும்; நவி மும்பையில் நேர ஒதுக்கீடு கிடைக்க வழிசெய்யவும் முடியும். 2026 மார்ச் இறுதியில் தொடங்கும் கோடைக்கால அட்டவணையிலேயே, தினமும் ஒரு நேரடி விமானம் இயங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அது காலையில் கிளம்புவதாக இருக்கட்டும், ஐயா. துக்க வீட்டுக்குப் போகிறவர் மதியத்துக்குள் வாசலில் போய் நின்றுவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)