இப்போது எழுதுகிற பிரிட்டிஷ்காரர்களையும் படிப்போமே

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நூல் பகுதியை விடாமல் படிக்கிற உரிமையில் இதை எழுதுகிறேன். ஆங்கில நாவல் என்று பேச ஆரம்பித்தால் டிக்கன்ஸ், ஹார்டி, மிஞ்சிப்போனால் ஆர்வெல், அங்கேயே நின்றுவிடுகிறோம். அவர்கள் பெரிய ஆட்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு உயிரோடு இருந்து எழுதிக்கொண்டிருக்கிற பிரிட்டிஷ் எழுத்தாளர்களைப் பற்றி நாம் பேசுவது ரொம்பக் குறைவு. புக்கர் பரிசு அறிவிக்கிற சமயத்தில் ஒரு பெட்டிச் செய்தி வரும், அதோடு சரி.

முதலில் டக்ளஸ் ஸ்டூவர்ட்டின் ‘ஷக்கி பெய்ன்’, 2020-இல் புக்கர் வாங்கிய நாவல். 1980-களின் கிளாஸ்கோ, பிரதமர் தாட்சர் ஆட்சியில் சுரங்கமும் ஆலையும் மூடப்பட்டு, வேலையில்லாத ஆண்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஊர். குடிகாரத் தகப்பன்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம், இதில் குடிப்பது அம்மா. ஆக்னஸ் எவ்வளவு சீரழிந்தாலும் தலைவாரி, உதட்டுச்சாயம் பூசி, நல்ல கோட் போடாமல் வெளியே வரமாட்டாள். வீட்டு மின்சார மீட்டரில் போட்ட காசையே உடைத்து எடுத்துக் குடிக்கிற நிலைமையிலும் அந்தக் கெத்து மட்டும் குறையாது. அவளை எப்படியாவது மீட்டுவிடலாம் என்று காவல் காக்கிற கடைக்குட்டிப் பையன்தான் ஷக்கி. அம்மாவைத் திட்டவும் முடியாமல், விட்டுப்போகவும் முடியாமல் ஒரு குழந்தை படுகிற பாட்டை இவ்வளவு அன்போடு எழுதி நான் படித்ததில்லை. உரையாடல் எல்லாம் கிளாஸ்கோ பேச்சு, ஆரம்பத்தில் திணறும், ஆனால் வட்டார வழக்கு நாவல்கள் படித்துப் பழகிய நமக்கு ஒரு இருபது பக்கத்தில் பிடிபட்டுவிடும்.

அப்புறம் சமந்தா ஹார்வியின் ‘ஆர்பிட்டல்’, 2024 புக்கர். விண்வெளி நிலையத்தில் ஆறு பேர், ஒரே நாள், அதற்குள் பூமியைப் பதினாறு சுற்று. கதையே இல்லை என்று சிலர் குறைப்படுகிறார்கள், உண்மைதான், விறுவிறுப்பு தேடுகிறவர்களுக்கு இது சரிப்படாது. எனக்கு, அம்மா இறந்த செய்தி கேட்டும் கீழே இறங்கி வர முடியாத அந்த ஜப்பானியப் பெண்ணுக்காகவே பிடித்தது. சின்னப் புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

கட்டுரை நூல்களில், கட்டாயம் படிக்கவேண்டும் என்று நான் சொல்வது பிலிப் சாண்ட்ஸின் ‘தி லாஸ்ட் காலனி’ (2022). இந்தியப் பெருங்கடலில் உள்ள டியகோ கார்சியா தீவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைப்பதற்காக 1968-இலிருந்து 1973 வரை சாகோஸ் தீவுகளின் மக்களை பிரிட்டன் மொத்தமாக வெளியேற்றியது. கடைசிக் கப்பல்களில் ஒன்றில் ஏற்றப்பட்ட லிஸ்பி எலிசே அப்போது இருபது வயது கர்ப்பிணி, குழந்தை தங்கவில்லை. 2018-இல் ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் அவருடைய வாக்குமூலம் வீடியோவாக ஓடியது. எழுதப் படிக்கத் தெரியாத பெண், நீதிபதிகளுக்கு முன்னால் தன் மொழியிலேயே நடந்ததைச் சொன்னார். மறு ஆண்டு, பிரிட்டன் கூடிய சீக்கிரம் அந்தத் தீவுகளை விட்டு விலகவேண்டும் என்று நீதிமன்றம் கருத்துச் சொன்னது. சாண்ட்ஸ் அந்த வழக்கில், தீவுகளுக்கு உரிமை கோரிய மொரிஷியஸ் தரப்பு வக்கீல், ஆகவே இது ஒரு தரப்பின் குரல்தான், அதை அவர் மறைக்கவும் இல்லை. நமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2021-இல் படகில் கிளம்பிய இலங்கைத் தமிழர்கள் போய்ச் சிக்கியது இதே டியகோ கார்சியாவில்தான். மூன்று வருஷத்துக்கு மேல் கூடாரங்களில் கிடந்து, 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானோர் பிரிட்டனுக்குப் போனார்கள். அந்தத் தீவு யாருடையது, ஏன் அங்கே சொந்தக்காரர்களே இல்லை என்பது தெரியாமல் அவர்கள் கதையைப் பாதிதான் புரிந்துகொள்ள முடியும்.

இன்னொன்று, ரேச்சல் கிளார்க் என்ற டாக்டர் எழுதிய ‘தி ஸ்டோரி ஆஃப் எ ஹார்ட்’. 2017-இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒன்பது வயதுச் சிறுமியின் இதயம் அதே வயதுப் பையனுக்குப் போன உண்மைக் கதை. அந்த இரண்டு பிள்ளைகளின் பெயரால்தான் இங்கிலாந்தில் 2020-இல் நடைமுறைக்கு வந்த உறுப்புதானச் சட்டம் அறியப்படுகிறது. 2008-இல் ஹிதேந்திரனின் இதயத்துக்காகச் சென்னைச் சாலைகள் வழிவிட்டதை மறக்காத எவருக்கும் இந்தப் புத்தகம் அந்நியமாகத் தெரியாது. நர்ஸுகள், ஆம்புலன்ஸ்காரர்கள், அறுவை சிகிச்சை டாக்டர்கள் என்று ஒவ்வொரு கையும் என்ன செய்தது என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பிள்ளை பெற்றவர்கள் இடையிடையே மூடிவைத்துத்தான் படிக்க முடியும்.

இதில் ஏதாவது ஒன்றுக்காவது ஒரு முழுப் பக்க மதிப்புரை போடுங்கள், என் ஓட்டு ‘தி லாஸ்ட் காலனி’க்கு. மொழிபெயர்க்கக் கூடியவர்கள் உங்கள் வாசகர்களிலேயே இருப்பார்கள், பதிப்பாளர்கள் அவர்களைத் தேடிப் பிடிக்கட்டும். மற்ற வாசகர்களும் அவரவர் மாவட்ட மைய நூலகத்தில் இந்தப் பெயர்களை எழுதிக் கொடுத்து வாங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை