கிளைச் சிறைகளில் எழுத்தறிவு வகுப்பு நடத்தத் தனி நிதி ஒதுக்கக் கோரி மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை,
கிளைச் சிறைத் தன்னார்வப் பயிற்றுநர்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: கிளைச் சிறைகளில் வயது வந்தோர் கல்விக்குத் தனி நிதி ஒதுக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு ஆண்டுகளாக வாரத்தில் 3 நாள், விசாரணைக் கைதிகளை வைக்கும் எங்கள் ஊர்க் கிளைச் சிறைக்குப் போய் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்து வருகிறேன்.

போன ஆண்டு கட்டட வேலை பார்க்கும் ஒருவர் சின்ன வழக்கு ஒன்றில் உள்ளே வந்தார். வயது 50 இருக்கும். 19 நாளில் நிபந்தனை ஜாமீன் கிடைத்தது. தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும், மறு உத்தரவு வரும் வரை. ஒரு மாதம் போட்டால் போதும் என்று யாரோ சொன்னதை நம்பி அவர் நிறுத்திவிட்டார். ஜாமீன் ரத்தாகி மறுபடியும் உள்ளே வந்தார். உத்தரவு நகல் அத்தனை நாளும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை என்னிடம் நீட்டி, "இதுல என்னதான் எழுதியிருக்கு டீச்சர்?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இந்த மனுவை எழுத வைத்தது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். மொத்தச் சிறைவாசிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மத்திய சிறைகளில் வகுப்புகள் நடக்கின்றன, இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகப் பட்டம் படிக்கிறார்கள், சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைவாசிகளுக்காக நூல் திரட்டிய 'கூண்டுக்குள் வானம்' அரங்கில் மக்கள் நூல்களை அள்ளிக் கொடுத்தார்கள். மனதார மகிழ்கிறேன். எங்கள் கிளைச் சிறைக்கு மட்டும் ஒரு சிலேட்டுக்குக்கூட நிதி வந்ததில்லை. கேட்டால், "ரிமாண்டில் இருப்பவர்கள் 15 நாளில் போய்விடுவார்களே, வகுப்பு எதற்கு?" என்கிறார்கள்.

அந்த 15 நாள், நீட்டிப்பு மேல் நீட்டிப்பாக மாதக்கணக்கில் போவது தாங்கள் அறியாததல்ல. 15 நாளே ஆனாலும் நிறையச் செய்யலாம். நான் அ, ஆவில் தொடங்குவதில்லை. முதலில் அவரவர் பெயர், அப்புறம் வாய்தா தேதி, குற்ற எண், நீதிமன்றத்தின் பெயர். தன் வாய்தா தேதியைத் தானே படித்துவிட்டவர் அடுத்த நாள் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார்.

15 வயதுக்கு மேற்பட்டோருக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்கு 2022 முதல் 2027 வரை ரூ.1,037.90 கோடி ஒதுக்கப்பட்டுள்ளது. ஆனால் அது தன்னார்வலர்களை நம்பி நடப்பது. ஊரில் ஒருவர் மாலையில் தெருவிலேயே பாடம் எடுத்துவிடலாம். சிறைக்கு அனுமதி வாங்கி, பேருந்தில் போய், சோதனை முடித்து, கைதிகளை அறையில் அடைக்கும் லாக்கப் நேரத்துக்குள் பாடம் முடிக்க வேண்டும். என்னுடன் தொடங்கிய இருவர் பேருந்துக் காசு கட்டுப்படியாகாமல் நின்றுவிட்டார்கள். பிளேடு இருப்பதால் ஷார்ப்னருக்கு அனுமதி இல்லை. பென்சில்களை வீட்டிலேயே சீவி எடுத்துப் போகிறேன். அதையெல்லாம் சமாளித்துவிடலாம். கண்ணாடிக்குத்தான் வழியில்லை. 40 வயதைத் தாண்டியவர்களில் பலருக்குப் புத்தகத்து எழுத்து தெரிவதில்லை. தங்களுக்குப் படிப்பு ஏறாது என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடி ஒன்று போதும்.

ஆகவே, வரும் நிதிநிலை அறிக்கையில் கிளைச் சிறைக் கல்விக்கெனத் தனிக் கணக்குத் தலைப்பு ஏற்படுத்தி, பயிற்றுநர்களுக்கு மாத மதிப்பூதியமும் பயணப்படியும், பாடப் பொருள்களும் கண்ணாடியும் கிடைக்க ஆவன செய்ய வேண்டுகிறேன். பாதியில் விடுதலையாகிறவரின் பதிவு அவருடைய ஊர்க் கற்றல் மையத்துக்கு மாற்றப்பட வேண்டும். இல்லாவிட்டால் வெளியே போன அன்றே படிப்பு நின்றுவிடுகிறது. இதற்குப் பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககத்துடன் தங்கள் துறை கலந்து பேசினாலே போதும்.

15 நாள் பாடத்திட்டம் ஒன்றைக் கையால் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். தாங்கள் அழைத்தால் நேரில் வந்து விளக்கவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: 15 நாள் பாடத்திட்டம்
நகல்: இயக்குநர், பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககம், சென்னை.