ஒரு கட்டு வைக்கோலுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நீடாமங்கலத்துக்குத் தெற்கே கோரையாற்றங்கரையில் உள்ள எங்கள் ஊர் ரைஸ்மில் களத்தில் ஒரு பாட்டுக் கூட்டம் நடந்தது. அது நடக்கக் காரணமானவர்களுக்கு எழுதும் மடல் இது. மறுநாளே எழுதியிருக்க வேண்டும். களத்தைக் கூட்டிக் கொடுத்து, ஜமக்காளங்களைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்து, பாக்கியை அடைத்துவிட்டு உட்கார இரண்டு வாரம் ஓடிவிட்டது. யார் பெயரையும் போடவில்லை. போட்டால் விட்டுப்போன பெயருக்குச் சண்டை வரும், நம் ஊர் உங்களுக்குத் தெரியாததா. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குப் புரியும்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. பஸ் ஸ்டாப் டீக்கடையில் நாங்கள் ஆறேழு பேர் தினமும் கூடுவோம். ஒருவர் உரக்கடை, ஒருவர் எலெக்ட்ரீஷியன், நான் ஜெராக்ஸ் கடை. மற்ற ஊர்களில் நடிகர்களுக்காக அடித்துக்கொள்வார்கள். எங்கள் சண்டை நாட்டுப்புறப் பாட்டைத் தானே கட்டிப் பாடுகிறவர்களைப் பற்றியது. யாரைக் கேட்டு யார் பாட வந்தார், யாருடைய மெட்டு யார் தொண்டையில் உட்கார்ந்தது, யாருக்கு யார் கடன்பட்டிருக்கிறார் என்று வருடக்கணக்காக ஒரே வழக்கு.

உரக்கடை அண்ணனுக்கு எதுவும் புஷ்பவனம் குப்புசாமியில்தான் தொடங்கும். வேதாரண்யம் பக்கத்துப் புஷ்பவனத்திலிருந்து புறப்பட்டு, ஊர்ப்பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டே மேடையேறிய மனிதர். 90-களில் எங்கள் பக்கத்துத் திருவிழா மேடைகளில் மைக் பிடித்த பையன்களில் பாதிப் பேர் அவர் மாதிரித்தான் பாடினார்கள், தொண்டையைச் செருமியதுகூட அவர் மாதிரித்தான். எலெக்ட்ரீஷியன் தம்பி அந்தோணி தாசன் கட்சி. தஞ்சாவூர் ரெட்டிப்பாளையத்துக்காரர், கரகாட்டக் குழுவோடு ஊர் ஊராகப் போய் வளர்ந்தவர். அப்புறம் லா பொங்கல் குழு, 2013-இல் ‘சூது கவ்வும்’, 2021-இல் ‘எம்.ஜி.ஆர். மகன்’ படத்துக்கு இசை என்று போய்க்கொண்டே இருக்கிறார். நையாண்டி மேளத்தின் அடியைக் கிடார்காரப் பையன்களுக்குப் பழக்கிவிட்டவர் அவர்தான் என்பது தம்பியின் வாதம். மறுத்துப் பேசினால் டீக்காசு கொடுக்க மாட்டான்.

நான் கே. ஏ. குணசேகரன் கட்சி. கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாட்டை அவர் மேடை மேடையாகப் பாடியதைக் கேட்டு வளர்ந்தவன். கீழ்வெண்மணி எங்களுக்கு எட்டிப் பிடிக்கும் தூரம்தானே. 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேர் எரிந்துபோன ஊர் அது. அந்தப் பாட்டை இந்தப் பக்கத்தில் யாரும் வெறும் பாட்டாகக் கேட்டதில்லை. சின்னப்பொண்ணு போன்றவர்கள் மேடைக்கு வர அவர் துணை நின்றிருக்கிறார். ஒருவர் குரலைப் போலப் பாடுவதை மட்டும் பாதிப்பு என்று எழுதிக்கொண்டு, கைகொடுத்து மேடையேற்றியதை விட்டுவிட்டால் அது கள்ளக் கணக்கு. இதை நான் டீக்கடையில் நூறு முறை சொல்லியிருப்பேன். ஒருவரும் ஒத்துக்கொண்டதில்லை.

2021 மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வந்ததும் கடை இரண்டு பட்டது. அறிவு பெயரா, தீ பெயரா, சந்தோஷ் நாராயணன் பெயரா, எது முன்னால் வர வேண்டும் என்று ஊரெல்லாம் நடந்த பஞ்சாயத்து எங்கள் பெஞ்சிலும் நடந்தது. இதற்கிடையில் எங்கள் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் நடந்திருக்கிறது. கீழத்தெருவில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை அந்தப் பாட்டில் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, தன் அப்பாயியிடம் போய் உட்கார்ந்திருக்கிறாள். நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று நாற்பதுக்கு மேல் போனில் பிடித்து வைத்திருக்கிறாள். பிறகு அவற்றோடு தானே வரி கட்டவும் ஆரம்பித்திருக்கிறாள். மூன்று வருடம் கழித்து ஜெராக்ஸ் எடுக்க வந்த நோட்டைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. “அறிவுகிட்டேர்ந்து பாட்டை எடுக்கல அண்ணே, கேக்கணும்ங்கற யோசனையை எடுத்தேன்” என்றாள். இத்தனை வருடம் பெஞ்சைத் தேய்த்த எங்களுக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. அன்றைக்கே முடிவாயிற்று, சண்டையை டீக்கடையிலிருந்து எடுத்துப் பாடுகிறவர்கள் முன்னால் வைப்பது என்று.

முதல் நன்றி ரைஸ்மில் முதலாளிக்கு. முதலில் ஒரு கல்யாண மண்டபத்துக்குத்தான் முன்பணம் கொடுத்திருந்தோம். மூன்று நாள் இருக்கும்போது போன் வந்தது: பாட்டென்றால் சரி, தப்பு, அதாவது பறை, அடிப்பதாக இருந்தால் வேண்டாம். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இரண்டு பேருக்குமே தெரியும். முன்பணத்தில் பாதி இன்னும் வரவில்லை. இதைக் கேள்விப்பட்ட மில் முதலாளி, “களத்துல அடிங்க, நெல்லு ஒண்ணும் கோவிச்சுக்காது” என்று சாவியைத் தூக்கிப் போட்டார்.

நெல் கோபித்துக்கொள்ளவில்லை, மழைதான் கோபித்துக்கொண்டது. நாலு மணிக்கு மேற்கே கறுத்து, நாலரைக்கு இறங்கிவிட்டது. களத்தில் புழுங்கல் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மேளக்காரர்கள், பாடகர்கள், கேட்க வந்தவர்கள், மைக் செட் பையன் என்று அத்தனை பேரும் நெல்லைத் தள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டதுதான் அன்றைய முதல் நிகழ்ச்சி. திருச்சியிலிருந்து வெள்ளை வேட்டியில் வந்திருந்த ஒரு பெரியவர் பலகையை வாங்கிக்கொண்டு நெல் தள்ளினார். ஐயா, அந்த வேட்டிக்கு எங்கள் மன்னிப்பு.

ஐந்தரைக்கு மழை விட்டது. மேளம் விடவில்லை. அதாவது, தப்பு பேச மறுத்துவிட்டது. ஈரக்காற்றில் தோல் தொய்ந்துபோய், அடித்தால் ‘தொப்’ என்று நனைந்த மூட்டையைத் தட்டுவதுபோல் சத்தம். தப்பைக் காய்ச்சினால்தான் சுதி ஏறும். காய்ச்ச நெருப்பு வேண்டும், அதுவும் விறகு நெருப்பு உதவாது. குப்பென்று எரிந்து சட்டென்று அடங்குகிற வைக்கோல் நெருப்புத்தான் வேண்டும். ஊரில் இருக்கிற வைக்கோல் போரெல்லாம் நனைந்து கிடந்தது. உள்ளே கைவிட்டுப் பிடுங்கினால் காய்ந்தது கிடைக்கும் என்று ஒருவர் போரைப் பிடுங்கப் போய்த் திட்டு வாங்கித் திரும்பினார்.

அப்போதுதான் மில்லுக்கு எதிர்வீட்டு அக்கா வந்தார். கன்று போட்ட மாட்டுக்கென்று கொட்டகைப் பரணில் ஒதுக்கி வைத்திருந்த சம்பா வைக்கோல் ஒரு கட்டு. தலையில் ஒரு யூரியாச் சாக்கைப் போர்த்திக்கொண்டு, கட்டைப் பிள்ளையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, இறக்கிவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விட்டார். எங்களில் ஒருவருக்குக்கூட அந்த நேரத்தில் நன்றி என்று வாயில் வரவில்லை. அதனால்தான் மடலின் தலைப்பில் வைத்தேன்.

அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டு இரண்டு பிடியாக வைக்கோலைப் பற்றவைத்து, ஐந்து தப்பையும் சுற்றி நிறுத்தி, தோல் பக்கம் அனல் படும்படி சாய்த்துச் சாய்த்துக் காட்டினார்கள். மூத்த கலைஞர் நெருப்பைப் பார்க்கவே இல்லை. இடக்கைச் சிம்புக்குச்சியால் ஓரத்தில் ஒரு சுண்டு, வலக்கை அடிக்குச்சியால் நடுவில் ஒரு தட்டு, காதைச் சாய்த்துக் கேட்பது, திரும்பவும் அனல். ஐந்தாறு முறை காட்டியதும் ‘தொப்’ போய் ‘டங்’ வந்தது. ஆற்றின் அக்கரையிலிருந்த நாய்கள் குரைக்க ஆரம்பித்தன. மைக் செட் பையன் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, “இதுக்கு எதுக்குண்ணே நானு” என்றான். 4,500 பேசியிருந்தவன் 2,000 மட்டும் வாங்கிக்கொண்டான். தம்பி, உனக்கும் நன்றி.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஐயா, ‘மலையருவி’யைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். பெர்சி மக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி திரட்டிவைத்த நாட்டுப் பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, நம் தஞ்சை சரசுவதி மகால் வெளியிட்ட புத்தகம். அதிலிருந்து அவர் ஒரு பாட்டைப் படிக்கப் படிக்க, பின் வரிசையிலிருந்த இரண்டு அக்காக்கள் அடுத்த அடியைப் புத்தகத்துக்கு முந்திக்கொண்டு சொன்னார்கள், ஆனால் வேறு சொற்களில். எது சரி என்று ஐயாவைக் கேட்டோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் சொல்லவில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளை ஒருவன் அமெரிக்கப் பாட்டுக்காரர் பாப் டிலனைப் பற்றிப் பேசினான். 2016-இல் நோபல் வாங்கியவர் என்று ஆரம்பித்ததும் பாதிப் பேர் டீயைத் தேடினார்கள். விவரமான பிள்ளை, உடனே தடம் மாற்றினான். 1961-இல், இருபது வயது நிரம்பாத பையனாக, தான் கொண்டாடிய வுடி கத்ரி என்ற பாட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று தேடிக்கொண்டு போனார் டிலன் என்றான். முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த, அந்தக் கீழத்தெருப் பெண்ணின் அப்பாயி கேட்டார்: “நோயாளியப் பாக்கப் போனானே, கையில என்னா கொண்டுக்கிட்டுப் போனான்?” களமே சிரித்தது. பையன் சிரிக்கவில்லை. “அவரோட பாட்டையே அவருக்குப் பாடிக் காமிச்சான் அப்பாயி” என்றான். அப்பாயி கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுவிட்டு, “அப்பச் சரி” என்றார்.

அதற்குப் பிறகுதான் பேத்தி எழுந்தாள். அப்பாயியிடம் பிடித்த நடவுப் பாட்டு ஒன்று.

மேட்டூரு தெறந்தாச்சு, மேவயலும் நனைஞ்சாச்சு
மேக்கால போனவரு வீடு வர நாளாச்சு

இரண்டு முறை இப்படிப் பாடிவிட்டு, மூன்றாவது முறை தன் வரியைப் போட்டாள்.

மெஷினு வந்தாச்சு, மேவயலும் நட்டாச்சு
திருப்பூரு போனவரு வீடு வர நாளாச்சு

கைதட்டல் ஓயும்முன் அப்பாயி கையை உயர்த்தினார். வரியை மாற்றியதற்குத்தான் கோபம் என்று நினைத்தோம். இல்லை. மூச்சு தப்பு என்றார். “நடவுப் பாட்ட நிமுந்து நின்னு பாடுனா அப்புடித்தான், மூச்சு எங்க நிக்கணுமோ அங்க நிக்காது” என்று சொல்லிக்கொண்டே எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, எழுபத்தைந்து வயதில் சிமென்ட் களத்தில் குனிந்தார். இடக்கையில் இல்லாத நாற்று முடி. வலக்கை பிரித்துப் பிரித்து ஊன்றுகிறது. ஓர் அடிக்கு மூன்று குத்து. மூன்றாவது குத்து ஊன்றிக் கால் பின்னால் போகும்போதுதான் மூச்சு வாங்குகிறார். ‘மேவயலும்’ என்ற சொல் அந்தப் பின்வாங்கலில் லேசாக இழுபடுகிறது. போனில் பிடித்தபோது அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து பாடியிருக்கிறார். அதனால் அந்த இழுப்பு பதிவில் விழவே இல்லை. பேத்தியும் பக்கத்தில் குனிந்தாள். அப்புறம் பின்வரிசை அக்காக்கள் இரண்டு பேர். நான்கு பேரும் ஒரு வரிசையாகப் பின்னால் நகர்ந்துகொண்டே போய்த் தார்ப்பாய் போட்ட நெல்லில் முட்டி நின்றார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் முடிந்து, தம்ளர் கழுவுகிற இடத்தில் அப்பாயி தனியாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ‘திருப்பூரு போனவரு’ என்றுதான் பாடினார். நான் கேட்டதைக் கண்டதும் நிறுத்திவிட்டார்.

அப்பாயிக்கும் பேத்திக்கும் நன்றி சொன்னால் அடிக்க வருவார்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

மதகு ஏற்றி இறக்கும் பாசனத்துறை லஸ்கர் அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. எல்லாரும் கிளம்பிய பிறகும் உரக்கடை அண்ணனும் எலெக்ட்ரீஷியனும் பழைய வழக்கை எடுத்தார்கள், மூலம் யார், கிளை யார் என்று. லஸ்கர் அண்ணன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே, “மூணாறு தலைப்புல தண்ணி பிரியிற எடத்துல வந்து நின்னு பாருங்க. வெண்ணாறு, கோரையாறு, பாமணின்னு பேரு வெச்சவன் மனுசன். எனக்குத் தெரிஞ்சது எந்த ஷட்டரை எத்தனை இஞ்ச் தூக்கணும்ங்கறது மட்டுந்தான்” என்றார். சண்டை அதோடு முடிந்ததா என்றால், இல்லை. மறுநாள் காலை டீயோடு தொடர்ந்தது.

சுண்டல் அவித்த மேலத்தெரு அக்காக்களுக்கும், ஜமக்காளம் கொடுத்த பள்ளிவாசல் பாய்க்கும், கரண்ட் போன இருபது நிமிடமும் மூன்று வண்டிகளின் ஹெட்லைட்டைப் போட்டு வைத்திருந்த பையன்களுக்கும், வரமுடியாமல் துபாயிலிருந்து பணம் அனுப்பியவருக்கும் நன்றி. வரவு செலவு எழுதிய தாள் டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. 640 ரூபாய் மீதி. தப்புக் கலைஞர்களுக்குப் பேசிய தொகைக்கு மேல் கொடுக்க நினைத்தோம், வாங்க மறுத்துவிட்டார்கள். அதனால் அந்தப் பணம் அப்படியே இருக்கிறது.

எதிர்வீட்டு அக்கா, குறுவை அறுத்ததும் உங்கள் ஒரு கட்டு வைக்கோல் இரண்டு கட்டாக வரும். குறுவை வைக்கோல் உங்கள் மாட்டுக்கு ஆகாதென்றால் சம்பா அறுப்பு வரை பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடி லேடீஸ் செருப்பு, ஒரு டார்ச், மூடி இல்லாத ஒரு எவர்சில்வர் தூக்கு ஆகியவை மில் வாட்ச்மேன் அண்ணனிடம் இருக்கின்றன. காலை பத்து மணிக்குள் போனால் இருப்பார்.

இப்படிக்கு,
டீக்கடை பெஞ்சின் சார்பில்,
ஜெராக்ஸ் கடைக்காரன்