கடல்மீன் தொட்டி ஸ்கிம்மரை வீட்டிலேயே செய்யலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் கடல்மீன் வளர்ப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை உப்புக் கலவை, விளக்கு, தீவனம் எல்லாவற்றையும் விளக்கியது. நீரிலுள்ள அழுக்கை நுரையாக வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மரை மட்டும் ‘விலை உயர்ந்த இறக்குமதிக் கருவி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்த வரியை நம்பி, ஸ்கிம்மரே வேண்டாம் என்று தொட்டி வைப்பவர்களின் மீன்கள்தான் பாவம். பெயர்ப்பலகை செய்யும் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் குழாயிலும் தகட்டிலும் இதை வீட்டிலேயே செய்துகொள்ள முடியும். 200 லிட்டர் தொட்டிக்கான அளவுகளையும், எங்கே தவறு நேர்கிறது என்பதையும் எழுதுகிறோம்.

முதலில் இது என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறோம். மீன் கழிவிலும் மிஞ்சிய தீவனத்திலும் இருந்து கரையும் புரதம், கொழுப்பு போன்றவற்றின் மூலக்கூறுகளில் பலவற்றுக்கு ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரை விட்டு விலகும். அதனால் அவை காற்றுக்குமிழியின் மேல் போய் ஒட்டிக்கொள்கின்றன. குமிழிகள் நுரையாகி மேலேறிக் கோப்பையில் வழிந்தால் அழுக்கும் கூடவே வெளியேறிவிடும். அவை அழுகி அம்மோனியாவாக மாறுவதற்கு முன்பே எடுத்துவிடுவதுதான் இதன் பெருமை. ஏற்கெனவே உண்டான அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் இது எடுக்காது. எனவே பாக்டீரியாவைக் கொண்டு கழிவைச் சிதைக்கும் உயிரியல் வடிகட்டியும் நீர் மாற்றுவதும் வழக்கம்போல் தொடர வேண்டும்.

நம் ஊர் வெயிலில் இன்னொரு பயனும் உண்டு. 25 டிகிரி செல்சியஸில் கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது 6.2 ஆகக் குறைந்துவிடும். இடைவிடாமல் குமிழி ஓடும் ஸ்கிம்மர், ஆக்சிஜன் அந்த அளவுக்கும் கீழே இறங்கிவிடாமல் இருக்க உதவும்.

இனி அளவுகள். உடல் பகுதிக்கு 100 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ. தடிமனும் கொண்ட குழாய், 60 செ.மீ. நீளம். கழுத்துக்கு 50 மி.மீ. குழாய், 15 செ.மீ. கோப்பைக்கு உடல் பகுதியின் அதே குழாயில் 10 செ.மீ. அடித்தகடு, மேல் வளையம், மூடி, கோப்பையின் தரை ஆகியவை 6 மி.மீ. தகட்டில். இவற்றோடு 15 மி.மீ. அக்ரிலிக் குழாய் ஒன்று, ஓர் அங்குல டேங்க் நிப்பிள் (தகட்டின் துளையில் குழாயைப் பொருத்தும் இணைப்பு), அதே அளவில் பி.வி.சி. குழாய், எல்போ (வளைவு இணைப்பு), டீ (‘T’ வடிவ இணைப்பு), காற்றை நுண்குமிழிகளாக்கும், மரத்தாலான ஏர் ஸ்டோன் இரண்டு, நைலான் திருகாணி எட்டு. எவர்சில்வர் திருகாணி கூடாது. உப்புக் காற்றில் அதுவும் துருப்பிடிக்கும்.

குழாயின் வளைந்த பக்கத்தில் எங்கும் துளை போடாதீர்கள். வீட்டில் செய்யும் ஸ்கிம்மர் பெரும்பாலும் ஒழுகுவது அங்கேதான். டேங்க் நிப்பிளின் ரப்பர் வாஷர் வளைந்த பரப்பில் சீராகப் படியாது. இறுக்க இறுக்கக் குழாய் விரியும். எல்லாத் துளைகளையும் தட்டையான தகடுகளில் வைத்துக்கொள்ளுங்கள். நீர் வெளியேறும் வழியை அடித்தகட்டில் வைத்து, எல்போவுக்கு இடம் கிடைக்க அடியில் 10 செ.மீ. கால்கள் ஒட்டுங்கள். நீர் உள்ளே வரும் 15 மி.மீ. குழாயும் இரண்டு காற்றுக்குழாய்களும் மூடி வழியாக இறங்கட்டும். கழுத்துக்கும் உடலின் உள்சுவருக்கும் இடையே 22 மி.மீ. இடைவெளி இருக்கிறது, அது போதும். கோப்பையின் தரையை மூடியிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் கழுத்தைச் சுற்றி ஒட்டினால் குழாய்கள் திரும்ப இடம் கிடைக்கும். கழுத்தின் மேல்முனைக்கு மேல் கோப்பைச் சுவர் மூன்று செ.மீ.க்குக் குறையாமல் நிற்க வேண்டும். மூடியை ஒட்டிவிடாமல், உடலின் மேல் வளையத்தோடு திருகாணி போட்டுப் பொருத்துங்கள். ஏர் ஸ்டோனை மாற்ற அடிக்கடி திறக்க வேண்டியிருக்கும்.

துளையிடும்போது சாதாரண டிரில் பிட் அக்ரிலிக்கைக் கவ்வி உடைத்துவிடும். பிட்டின் வெட்டும் விளிம்பைச் சற்று மழுக்கி, தகட்டுக்கு அடியில் மரப்பலகை வைத்து, மெதுவான வேகத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே துளையிடுங்கள். அறுத்த குழாயின் முனையைத் தட்டையாக்க, கண்ணாடித் தகட்டில் 220ஆம் எண் உப்புத்தாளை ஒட்டி அதன்மேல் தேயுங்கள், பிறகு 400. விளிம்பு பளபளக்க வேண்டும் என்று தீயில் காட்டவே கூடாது. அப்படிச் சூடு காட்டிய விளிம்பில் ஒட்டுதிரவம் பட்டால் நூல்நூலாக விரிசல் ஓடும்.

ஒட்டுவதற்கு உடனடிப் பசையும் வேண்டாம், சிலிக்கானும் வேண்டாம். முன்னது நொறுங்கும், பின்னது அக்ரிலிக்கை விட்டு உரிந்துவரும். பெயர்ப்பலகைக் கடைக்காரர்கள் குளோரோஃபார்ம் பயன்படுத்துவார்கள். அது அக்ரிலிக்கைக் கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் ஆவி நச்சு. மயக்கம் தரும், ஈரலையும் பாதிக்கும். மொட்டைமாடியில், காற்றோட்டத்தில், குழந்தைகள் அருகில் இல்லாதபோது மட்டுமே செய்ய வேண்டும். வசதி இருந்தால் ஒட்டும் வேலையை மட்டும் அந்தக் கடைக்காரரிடமே விட்டுவிடுவதுதான் எங்கள் பரிந்துரை. நீங்களே செய்வதானால் துண்டுகளைச் சேர்த்து நிறுத்தி, கண்ணாடி ஊசிக்குழலால் இணைப்பின் ஓரமாகத் திரவத்தை விடுங்கள்; அது தானே உள்ளே ஓடும். இடைவெளி இருந்தால் ஓடாது, குமிழி நிற்கும். அந்த இடத்துக்கு அக்ரிலிக் தூளை அதே திரவத்தில் கரைத்துக் குழம்பாக்கிப் பூசலாம். மழைநாளில் ஒட்டாதீர்கள். திரவம் ஆவியாகும்போது இணைப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து வெளுத்துப்போகும். வெளுத்த இணைப்பில் வலு இல்லை. ஒட்டிய பிறகு இரண்டு நாள் தண்ணீர் காட்டக் கூடாது.

நீர் வெளியேறும் குழாயை எல்போவிலிருந்து உடலின் பக்கவாட்டில் மேலே கொண்டுபோய், உச்சியில் டீ வைத்து, டீயின் மேல்வாயைத் திறந்தே விடுங்கள். அதை அடைத்துவிட்டால் குழாய் சைஃபனாகி, நீரைத் தானே உறிஞ்சி இழுத்து, ஸ்கிம்மரையே காலிசெய்துவிடும். டீயின் உயரம்தான் உள்ளே நீர்மட்டத்தைத் தீர்மானிக்கிறது. இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. உள்ளே இருப்பது வெறும் நீரல்ல, காற்று கலந்த நீர். அதன் எடை குறைவு. பத்தில் ஒரு பங்கு காற்று என்றால் வெளியே 50 செ.மீ. நீர் உள்ளே 55 செ.மீ. உயரத்தைத் தாங்கி நிற்கும். எனவே டீயை நீங்கள் விரும்பும் மட்டத்துக்கு ஐந்து செ.மீ. கீழே வையுங்கள். மிச்சத்தை நுணுக்கமாகச் சரிசெய்ய, டீக்கு முன்னால் ஒரு கேட் வால்வு போதும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் பம்பில்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். மணிக்கு 1,000 லிட்டர் தரும் பவர்ஹெட் (நீருக்குள் வைக்கும் சிறு பம்ப்) எளிதில் கிடைக்கிறது என்று அதை மாட்டிவிடுகிறார்கள். இந்தக் குழாயின் உள் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 69 சதுர செ.மீ. மணிக்கு 1,000 லிட்டர் என்றால் நீர் விநாடிக்கு 4 செ.மீ. வேகத்தில் கீழிறங்கும். நமக்குத் தேவையான நுண்குமிழிகள் மேலேறும் வேகமே அந்த அளவுதான். ஆகவே அவை ஏறாமல் நீரோடு இழுபட்டுத் தொட்டிக்குள் போய்ச் சேரும். தொட்டி பால்போல் கலங்கும், கோப்பை காய்ந்து கிடக்கும். மணிக்கு 300 லிட்டர் என்றால் நீரின் வேகம் விநாடிக்கு 1.2 செ.மீ.தான். உடலில் நிற்கும் மூன்றரை லிட்டர் நீரும் குமிழியோடு நாற்பது விநாடிக்கு மேல் உறவாடும். 200 முதல் 400 லிட்டர் வரை எதுவும் சரி. அதற்கு மேல் வேண்டாம். பெரிய பம்ப்தான் கையில் இருக்கிறது என்றால் ஒரு டீ போட்டு, மிச்ச நீரைத் தொட்டிக்கே திருப்பிவிடுங்கள்.

காற்று பம்பில் அதற்கு நேர்மாறாக, தாராளமாக இருங்கள். மர ஏர் ஸ்டோனில் காற்றை நுழைக்கவும் அரை மீட்டர் ஆழத்துக்குத் தள்ளவும் சாதாரணச் சிறு பம்பால் முடியாது. நிமிடத்துக்கு 4, 5 லிட்டர் தரும், அழுத்தம் மிகுந்த பம்ப் தேவை. பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைத்து, காற்றுக்குழாயில் திரும்பா வால்வு பொருத்துங்கள். மின்வெட்டின்போது நீர் பின்னேறி பம்புக்குள் போவதை அது தடுக்கும். மின்சாரம் நிற்கும்போது தொட்டியிலிருந்து இறங்கும் நீரைக் கொள்ளும் அளவுக்குச் சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டியில்) இடம் விட்டிருக்கிறீர்களா என்பதையும் ஒருமுறை சுவிட்சை அணைத்தே பார்த்துவிடுங்கள். உப்புநீரும் மின்சாரமும் பக்கத்தில் இருக்கும் இடம் என்பதால் கசிவு மின்துண்டிப்பான் கட்டாயம்.

ஒழுகுகிறதா என்று மட்டுமே நல்ல தண்ணீரில் சோதியுங்கள். நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும், நுரை நிற்காது. அதைப் பார்த்து ஸ்கிம்மர் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.023 முதல் 1.025 வரை உள்ள கடல்நீரிலும் முதல் சில நாட்கள், சிலசமயம் இரண்டு வாரம்கூட, நுரை ஒழுங்காக வராது. புதிய அக்ரிலிக்கில் படிந்த எண்ணெய்ப்பசை போக வேண்டும். நீர்த்த வினிகரால் கழுவிவிட்டு ஆரம்பிப்பது நல்லது. தீவனம் போட்டவுடன் நுரை அடங்குவதும் இயல்பே. தீவனத்தில் உள்ள எண்ணெய்தான் காரணம். குளோரின் நீக்கும் மருந்து ஊற்றினால் கோப்பை பொங்கி வழியக்கூடும். அன்று மட்டும் நீர்மட்டத்தை இறக்கி வையுங்கள்.

கோப்பையில் சேர்வது வெளிர் தேநீர் போலிருந்தால் மட்டம் அதிகம், தொட்டியின் சுத்தமான நீரையும் சேர்த்து இழக்கிறீர்கள். கருத்த கடுங்காப்பி போல, நாற்றத்தோடு இருந்தால் சரி. கழுத்தின் உட்புறத்தில் படியும் பிசுக்கை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை துடைக்காவிட்டால் நுரை ஏறாது. துணியும் தண்ணீரும் போதும். ஸ்பிரிட்டோ கண்ணாடி துடைக்கும் திரவமோ பட்டால் அக்ரிலிக் விரிசல்விடும். மர ஏர் ஸ்டோனை மாதத்துக்கொருமுறை மாற்றுங்கள். துளைகள் அடைபட்டுக் குமிழி பெருத்துவிடும்.

கடையில் வாங்குவதற்கு இது ஈடாகுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் ஆய்வாளர்கள் 2009 முதல் வெளியிட்ட அளவீடுகளில், ஸ்கிம்மர்கள் கரைந்த கரிமப் பொருளில் ஒரு பகுதியையே எடுக்கின்றன என்றும், வெவ்வேறு தயாரிப்புகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை என்றும் தெரியவந்தது.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்றையும் தயவுசெய்து வெளியிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் பவளங்களும் கடற்குதிரையும் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்தது என்று சொல்லி யார் பவளத்துண்டு கொடுத்தாலும் வாங்கக் கூடாது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீனைக் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. அப்படி வளர்ந்த மீன்களைக் கேட்டு வாங்குங்கள். தொட்டியில் விடுவதற்கு முன்பே ஸ்கிம்மரை ஓட்டி, நுரை ஒழுங்காக ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கடல்மீன் வளர்ப்பு ஆர்வலர்கள் சிலர்,
கொளத்தூர், சென்னை.