‘இன்ஸ்டால்’ ஆனதற்குப் பணம் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் மேகக் கணினி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்டோரேஜ் ப்ளக்-இன்னைப் பத்து நிமிடத்தில் நிறுவிவிடலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. பொய்யில்லை. எங்கள் ஆபீசில் நிறுவியபோது வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். ராயபுரத்தில், துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற ஒரு சுங்கத் தரகு அலுவலகத்தில் 19 வருடமாக சிஸ்டம் அட்மின். பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் நான்தான், சர்வர் படுத்தாலும் நான்தான். சுங்கத் தரகர்கள் தங்கள் ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டுகளுக்குப் பத்திரப்படுத்த வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை. எங்கள் ஆவணமெல்லாம் தரைத்தளத்தில் ஒரே ஒரு பழைய சர்வரில் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முட்டிவரை தண்ணீரில் நின்று அந்த சர்வரைத் தலைமேல் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளிக்கு அன்றைக்குத்தான் மனது வந்தது. மறு வருடம் இரண்டாம் மாடியில் சொந்தமாக ஒரு சின்ன கிளவுட் போட்டோம்.

மென்பொருள் ஓபன்ஸ்டேக். ரேக்ஸ்பேஸ் நிறுவனமும் நாசாவும் சேர்ந்து 2010ல் தொடங்கியது, இலவசம். அதில் வட்டுகளைப் பார்த்துக்கொள்கிற பகுதிக்கு சிண்டர் என்று பெயர். சிண்டர் எந்த ஸ்டோரேஜோடும் தானாகப் பேசாது. நடுவில் ஒரு டிரைவர் வேண்டும். அதைத்தான் ப்ளக்-இன் என்கிறோம். உங்கள் கட்டுரையில் ‘சொருகி’ என்று போட்டிருந்தீர்கள். என்னிடம் வேலை பழகுகிற வியாசர்பாடிப் பையன் அதைப் படித்துவிட்டு, “அண்ணா, யாரை யார் சொருகினாங்க?” என்றான். சினிமாவில் காட்டுகிற வடசென்னைக்கு அந்தச் சொல் பொருந்தலாம். எங்கள் சர்வர் அறையில் ப்ளக்-இன் என்றே சொல்கிறோம், நீங்களும் அப்படியே எழுதலாம்.

ஸ்டோரேஜுக்கு நாங்கள் எடுத்தது செஃப், பல சர்வர்களின் வட்டுகளைச் சேர்த்து ஒரே சேமிப்பிடமாக்குகிற மென்பொருள். கடலில் இருக்கிற தலைக்காலி இனத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி வைத்த பெயர் இது. பதிப்புகளுக்கும் அதே வழியில்தான் பெயர் வைக்கிறார்கள்: 2020ல் வந்தது ஆக்டோபஸ், 2024ல் வந்தது ஸ்குவிட். என் மச்சான் காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர். ஸ்குவிட் என்றால் நம்ம கடம்பாதான் என்று அவரிடம் சொன்னேன். “அப்போ அடுத்ததுக்கு வஞ்சிரம்னு வைக்கச் சொல்லு மச்சான், விலை ஏறும்” என்றார்.

மூன்று ஸ்டோரேஜ் சர்வர், ஒவ்வொன்றிலும் 4 டெராபைட் வட்டு நான்கு, ஆக 48 டெராபைட். கிளவுட் தயாரானதும் முதலாளி திரையைப் பார்த்தார். 16 என்று காட்டியது. “ஏம்பா, 48க்குக் காசு கொடுத்தேன், மீதி எங்க?” செஃப் எதையும் மூன்று பிரதியாக மூன்று இடத்தில் வைக்கும், அதனால் கையில் நிற்பது மூன்றில் ஒரு பங்குதான் என்று விளக்கினேன். அதையும் முழுக்க நிரப்ப முடியாது. ஏதாவது ஒரு வட்டு 85 சதவீதம் நிரம்பினால் எச்சரிக்கும், 95 தொட்டால் எழுதுவதையே நிறுத்திவிடும். எனவே 13 டெராபைட்டைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது நல்லது. இதை வாங்குவதற்கு முன்பே விற்கிறவர் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை, கேட்காத தப்பு என்னுடையது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விற்றவர்களின் பெயர் வேண்டாம். அவர்கள் அனுப்பிய இன்ஜினியர் நல்ல பிள்ளை, கை வேகம். ப்ளக்-இன் போட்டார், 10 ஜிபியில் ஒரு வால்யூம் (ஸ்டோரேஜிலிருந்து ஒதுக்கிய ஒரு வட்டு) உருவாக்கினார், ஒரு வெர்ச்சுவல் மெஷினில் (சர்வருக்குள் மென்பொருளாகவே ஓடுகிற கணினி) அதை அட்டாச் செய்தார், உள்ளே ஒரு ஃபைல் எழுதிக் காட்டினார், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டார். “சார், ஆயிடுச்சு, ஒரு சைன் போட்டுடுங்க” என்றார். போட்டேன். பணம் முழுசாகப் போய்விட்டது.

இரண்டரை மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. வெர்ச்சுவல் மெஷின்கள் ஓடுகிற சர்வர்களைக் கம்ப்யூட் மெஷின் என்போம். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி 9.40க்கு இரண்டாவது கம்ப்யூட் மெஷினின் பவர் சப்ளை போனது. மறுநாள் காலை இரண்டு கப்பலுக்கு கட்-ஆஃப், அதாவது ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைக்கக் கடைசி நேரம். சரி, இதற்குத்தானே கிளவுட் என்று, அதில் ஓடிய ஐந்து வெர்ச்சுவல் மெஷினையும் மூன்றாவது மெஷினுக்கு மாற்றச் சொல்லி கமாண்ட் கொடுத்தேன். ஐந்தும் ‘எர்ரர்’. திரும்பக் கொடுத்தேன், திரும்பவும் அதே. வட்டு பத்திரமாக இருக்கிறது, செஃப் பச்சை காட்டுகிறது, சிண்டரும் ‘அப்’ என்கிறது. மெஷின் மட்டும் எழவில்லை. வெர்ச்சுவல் மெஷின்களை நடத்துகிற ஓபன்ஸ்டேக் பகுதிக்கு நோவா என்று பெயர். நடந்ததையெல்லாம் அது எழுதிவைக்கிற லாகைத் திறந்து கீழிருந்து மேலே படித்துக்கொண்டே போனபோது ஒரு வரி கிடைத்தது: ‘சீக்ரெட் நாட் ஃபவுண்ட்’. கூடவே 36 எழுத்தில் ஒரு நீள அடையாள எண்.

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வால்யூமை உருவாக்குவது சிண்டரின் வேலை; அதற்கு செஃப்பின் சாவி (கடவுச்சொல் மாதிரி) சிண்டரிடமே இருக்கிறது. அந்த வால்யூமை ஒரு வெர்ச்சுவல் மெஷினில் மாட்டுவது அந்தந்த கம்ப்யூட் மெஷினில் இருக்கிற லிப்விர்ட் என்கிற மென்பொருளின் வேலை. அதற்கும் ஒரு சாவி வேண்டும்; லாகில் ‘சீக்ரெட்’ என்று வந்தது அதுதான். அந்தச் சாவியை ஒவ்வொரு மெஷினிலும் தனித்தனியாகப் பதிந்து வைக்க வேண்டும். சிண்டரின் கான்ஃபிக் ஃபைலில் (அமைப்புகளை எழுதிவைக்கிற ஃபைல்) எழுதியிருக்கிற அதே 36 எழுத்து அடையாளத்தில் பதிய வேண்டும். முதல் இரண்டு மெஷினிலும் அந்த இன்ஜினியர் சரியாகப் பதிந்திருந்தார். மூன்றாவது மெஷினுக்கு நெட்வொர்க் கேபிள் மறுநாள்தான் வந்தது. வந்ததும் மாட்டினார், இன்ஸ்டாலரை ஓட்டினார், பச்சை வந்தது, போய்விட்டார். சாவி பதிவது இன்ஸ்டாலர் செய்கிற வேலை இல்லை, நாம் கையால் செய்ய வேண்டியது. அவர் சோதித்துக் காட்டிய வால்யூம் முதல் மெஷினில் மாட்டியது. மூன்றாவதை அவரும் தொடவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு கமாண்ட், நான்கு நிமிடம். சரியாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு வரியைத் தேடிப் பிடிப்பதற்குள் மணி இரண்டே கால். கீழே எண்ணூர் பக்கம் போகிற கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில்தான் தூங்காமல் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

அதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். பயம் வந்துவிட்டதால் மறுவாரம் ஒவ்வொரு வால்யூமும் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தேன். 22 வால்யூமில் 6, செஃப்பிலேயே இல்லை! ஆரம்பத்தில் சோதனைக்காக ஒரு மெஷினின் சொந்த வட்டில் வைத்திருந்த பழைய பேக்கெண்டில் (சிண்டருக்குப் பின்னால் இருக்கிற சேமிப்பிடம்) இருந்தன. ஒரே வட்டு, ஒரே பிரதி. எப்படி என்றால், இரண்டு பேக்கெண்டுமே கான்ஃபிக்கில் இயக்கத்தில் இருந்தன. எந்த வகை வால்யூம் எதில் போக வேண்டும் என்று ‘வால்யூம் டைப்’ கட்டி வைக்காவிட்டால், இடம் இருக்கிற எதில் வேண்டுமானாலும் சிண்டர் போட்டுவிடும். ஒரு எச்சரிக்கையும் வராது. வெள்ளத்துக்குப் பயந்து மாடிக்குக் கொண்டுபோன கப்பல் ஆவணங்களில் ஒரு பகுதி, மாடியிலும் ஒற்றை வட்டில்தான் இருந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மெஷின்களை அணைத்து ஆறையும் செஃப்புக்கு மாற்றினோம். அன்றைக்கு மச்சான் வீட்டுக் காதுகுத்து. நான் போகவில்லை, வீட்டில் இன்னமும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. புது பேக்கெண்டுக்கு கான்ஃபிக்கில் தனிப்பகுதி அழகாக எழுதிவிட்டு, மேலே இயக்க வேண்டியவற்றின் பட்டியலில் அதன் பெயரைச் சேர்க்காமல் விட்டால் சிண்டர் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. எழுதியவர் எழுதினேன் என்பார். கடிகாரம் இன்னொரு தலைவலி. செஃப்பின் நிலையைக் கண்காணிக்கிற மானிட்டர் சர்வீஸ்களுக்குள் நேரம் 0.05 விநாடிக்கு மேல் விலகினால் முணுமுணுக்கும். சிண்டரோ தன் சர்வீஸ் ஒன்றிலிருந்து 60 விநாடி சேதி வராவிட்டால் ‘டவுன்’ என்று எழுதிவிடும். நல்லபடி ஓடிக்கொண்டிருந்த சர்வீஸ் டவுன் என்று காட்டி என்னை அரை நாள் அலையவிட்டது. பார்த்தால் ஒரு சர்வரின் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தது.

ஆசிரியரிடம் நான் கேட்பது இதுதான். எங்களைப்போல் சின்ன ஆபீஸ்காரர்கள் நிறையப் பேர் உங்கள் பேப்பரைப் படிக்கிறார்கள். பர்சேஸ் ஆர்டரில் ‘நிறுவித் தருதல்’ என்று எழுதி அதற்கே முழுப் பணத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். இப்போது கால் பங்கு பணத்தை நிறுத்திவைக்கிறேன். ஒவ்வொரு கம்ப்யூட் மெஷினிலும் தனித்தனியாக ஒரு வால்யூம் மாட்டிக் காட்ட வேண்டும். அது எந்த பேக்கெண்டில் விழுந்தது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு ஸ்டோரேஜ் சர்வரின் ஒயரைப் பிடுங்கச் சொல்வேன். பிடுங்கியும் ஃபைல் திறந்தால் மீதிப் பணம். போன மாதம் வேறொரு வேலைக்கு வந்தவர் இதைக் கேட்டதும், “சார், இதெல்லாம் எங்க ஸ்கோப்லயே இல்ல” என்றார். அப்படியானால் பணமும் ஸ்கோப்பில் இல்லை என்றேன். அன்று மாலையே செய்து காட்டினார்.

மாணவர் பக்கத்தில் அடுத்த பாகம் வரும் என்று போட்டிருந்தீர்கள். அதில் நிறுவுகிற படத்தைக் குறைத்துவிட்டு, லாகை எப்படிப் படிப்பது என்று அரைப் பக்கம் போடுங்கள். தண்டையார்பேட்டையிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் மெட்ரோ ஏறி ராத்திரி ஷிஃப்டுக்குப் போகிற பிள்ளைகள் நிறையப் பேர் இந்த வேலையில்தான் முதல் சம்பளம் வாங்குகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அவர்கள் முன்னால் வந்து நிற்கப்போவது அந்த ‘சீக்ரெட் நாட் ஃபவுண்ட்’தான்.

வருகிற மாதம் இரண்டாம் சனிக்கிழமை எங்கள் முதல் கம்ப்யூட் மெஷினை வேண்டுமென்றே அணைத்துப் பார்க்கப்போகிறோம். வியாசர்பாடிப் பையன்தான் கமாண்ட் கொடுப்பான். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதாக ஒப்பந்தம். உங்கள் கட்டுரையாளருக்கு நேரமிருந்தால் வந்து பார்க்கலாம். டீ எங்கள் கணக்கு.

இப்படிக்கு,
ஒரு சிஸ்டம் அட்மின்,
தண்டையார்பேட்டை, சென்னை.