பனி பெய்து ஓய்ந்த மறுநாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொங்கல் விடுமுறை வந்தால் கேதார்கந்தா, பிரம்மதால் என்று இமயமலைப் பனியில் நடக்கத் தஞ்சை, கும்பகோணம் பக்கத்துப் பிள்ளைகள் கூட்டாகக் கிளம்புகிறார்கள். கட்டணம், கம்பளி, காலணி எல்லாம் விசாரிக்கிறார்கள். பனிச்சரிவைப் பற்றிக் கேட்பதில்லை. சமதளத்திலேயே வளர்ந்தவர்களுக்கு மலைச்சாய்வின் கணக்கு பழகியிருக்காது.

30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களில்தான் பெரும்பாலும் பனி சரியும். கைபேசிச் செயலியிலேயே சாய்வை அளக்கலாம். நிற்கும் இடம் சமமாக இருந்தாலும் தலைக்கு மேலே அப்படி ஒரு சாய்வு இருந்தால் ஆபத்துதான். 2023 ஏப்ரலில் சிக்கிமில் நாதுலா சாலையையொட்டி 7 சுற்றுலாப் பயணிகள் பனியில் புதைந்து இறந்தார்கள்.

பருவத் தொடக்கத்தில் பனிப்படலம் மெல்லியதாக இருக்கும். அதன் அடிப்பகுதி பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியும் மேற்பரப்பு அதைவிடக் கடுங்குளிராகவும் இருப்பதால், அடியிலிருந்து நீராவி மேலேறி, துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாற்றிவிடும். அள்ளினால் அஸ்கா சர்க்கரை போல உதிரும். ஜனவரி, பிப்ரவரியில் அதன்மேல் கனத்த பனி விழுந்து இறுகும். காற்றும் மறுபக்கத்துப் பனியை வாரிக் கொண்டுவந்து சேர்க்கும். அப்புறம் ஒரு ஆள் மிதித்தாலே போதும், மேலடுக்கு மொத்தமாக உடைந்து வழுக்கும். இறந்தவர்களில் பெரும்பாலோரைப் புதைத்தது அவர்களோ உடன் வந்தவர்களோ மிதித்துக் கிளப்பிய சரிவுதான்.

கனத்த பனி பெய்து வானம் வெளுத்த மறுநாள் படமெடுக்க அருமையான நாள். மலையேற மிக மோசமான நாள். ஒன்றிரண்டு நாளாவது பொறுக்க வேண்டும். உதிரி அடுக்கு அடியில் இருந்தால் வாரக்கணக்கில்கூட ஆபத்து நீங்காது. காலடியில் 'உம்ப்' என்று பனி அமுங்கும் ஓசை கேட்டாலோ, பாதத்திலிருந்து விரிசல் ஓடினாலோ உடனே திரும்பிவிடுங்கள்.

புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அரை மணி தாண்டினால் பலரும் மூச்சடைத்து இறந்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து மீட்புப் படை அதற்குள் வந்து சேராது. எனவே ஒவ்வொருவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸ் பீக்கன் (புதைந்தவரைத் தேட சிக்னல் அனுப்பவும் பிடிக்கவும் உதவும் கருவி), பனிக்குள் குத்திப் பார்க்கும் துழாவுகோல், உலோக மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும். பீக்கனில் தேடும்போது கைபேசியை அரை மீட்டராவது தள்ளி வையுங்கள்; அது சிக்னலைக் குழப்பும். கோல் ஆளைத் தொட்டதும் உருவிவிடாமல், சாய்வில் சற்றுக் கீழ்ப்பக்கத்திலிருந்து தோண்டுங்கள். நேர் மேலே ஏறி நின்றால் மூச்சுக்கு இருக்கும் கொஞ்ச இடமும் அமுங்கிப்போகும்.

சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம், எந்த மாவட்டத்தில் எத்தனை மீட்டருக்கு மேல் ஆபத்து என்று குளிர்காலத்தில் எச்சரிக்கை வெளியிடுகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை அதையும் தங்கள் வானிலைப் பகுதியில் வெளியிட வேண்டுகிறோம்.

– மலையேற்ற ஆர்வலர்கள், கும்பகோணம்